கழல மறுத்த லென்ஸ்

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவன் அதை எப்படியெல்லாம் பார்க்க வேண்டுமோ அப்படியெல்லாம் அவன் பார்த்தான். பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் வாயைப் பிளந்துகொண்டு படுக்கிற நாற்காலிக்கு மேலே ஒரு பெரிய விளக்கு இருந்தது. அதைக் கீழே இழுத்து, லென்ஸை அதற்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நோட்டம் விட்டான். பூஞ்சை இல்லை. கீறல் இல்லை. இரண்டு பொட்டுத் தூசி இருந்தது; அதுகூட இல்லாத பழைய லென்ஸ் உலகத்தில் கிடையாது. காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே எதுவும் கலகலக்கவில்லை. வளையத்தைத் திருகினான், வழுக்கிக்கொண்டு போய் வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான் என்றே சொல்லிவிடலாம்.

அவன் செய்யாதது ஒன்றுதான். லென்ஸைக் கேமராவில் மாட்டிப் பார்க்கவில்லை.

"கேமரா கொண்டு வரலையா?" என்றார் பல் டாக்டர்.

"கடையில வேலை நடக்குது சார். எடுத்துட்டு வர முடியல."

"அப்புறம் எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"கண்ணாடி சுத்தமா இருந்தா மத்ததெல்லாம் சரியா இருக்கும் சார்," என்றான், ஊரில் இருக்கிற லென்ஸையெல்லாம் கழற்றி மாட்டியவன் மாதிரி.

டாக்டர் நல்ல மனிதர், ஆனால் பேச்சு அதிகம். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு மட்டுமே பழகுகிறவருக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் கிடைத்தால் விடுவாரா? பறவைகளைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று இந்த நானூறு மில்லிமீட்டர் லென்ஸை வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏரிக்கரைக்குப் போனாராம். "ஒரு பறவைகூட எனக்கு மூஞ்சியைக் காட்டல தம்பி. எல்லாம் முதுகுதான். மனுஷங்க மட்டும்தான் எனக்கு வாயைத் திறந்து காட்டுறாங்க." அவருடைய மனைவி ஒருநாள், வீட்டில் நான் இருக்க வேண்டுமா இந்தக் குழாய் இருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டாராம். யோசித்துப் பார்த்துக் குழாயை விற்க முடிவு செய்தாராம்.

"மாட்டுற இடத்துல கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு. அதை நானே சரி பண்ணிட்டேன்," என்றார் கடைசியில், துணிப்பையில் போட்டுக் கொடுத்தபடி. "பல்லோட ஆட்டத்தையே நிறுத்துறவன், லென்ஸோட ஆட்டத்தை நிறுத்த மாட்டேனா?"

அவனும் சிரித்தான். எப்படி நிறுத்தினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கும்போது தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக வீட்டுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தான்.

அவன் வேலை பார்ப்பது அவனுடைய அக்கா கணவரின் போட்டோக் கடையில். வருகிறவர்களுக்கு அத்தான் பெரியவர், இவன் சின்னவர். வந்து சேர்ந்தபோது மீசை முளைக்காத வயது. அந்தப் பெயர் பொருந்தியது. இப்போது காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் சின்னவர்தான். கடையின் ஆழம் ஆறு தப்படி இருந்தால் அதிகம். கடைசிச் சுவருக்கு ஒரு பாய் அகலம் விட்டு ஒரு வெள்ளைத் திரை, அதன் முன்னால் ஒரு ஸ்டூல், இரண்டு பக்கமும் விளக்கு. கண்ணாடியைக் கழற்றுங்க, காதைக் காட்டுங்க, சிமிட்டாதீங்க. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லித்தான் அவன் சாப்பிட்டான். சாயந்திரம் கதவைச் சாத்தியதும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் பாயை விரித்துப் படுப்பான். மாடியில் அக்காவும் அத்தானும். அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்ற பேச்சு வருடத்துக்கு ஒருமுறை மாடியிலிருந்து இறங்கிவரும். வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இதையெல்லாம் கேட்டு அத்தானை ஒரு கொடுமைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி இருந்திருந்தால் அவன் எப்போதோ ஓடிப்போயிருப்பான். அத்தான் அவனை ஒருநாளும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. வெளியே போனால் தண்ணீர் எடுத்துக்கொண்டாயா என்பார். இருமினால் இரண்டாவது இருமலுக்குள் மாத்திரை வந்துவிடும். இப்படி ஒரு மனிதரிடமிருந்து எப்படித் தப்பிப்பது? சண்டை போடவாவது ஒரு காரணம் வேண்டுமே!

போதாக்குறைக்கு அத்தானின் கண். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் பார்வையின் நட்டநடுவில் ஒரு கறை விழுந்தது. ஓரத்தில் இருப்பதெல்லாம் ஓரளவு தெரியும். எதைப் பார்க்க வேண்டுமென்று நேராகத் திரும்புகிறாரோ அது மட்டும் மறைந்துவிடும். போன பார்வை இனி திரும்ப வராது என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இது வீட்டில் இருக்கிற மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வாடிக்கையாளர் வந்தால் அத்தான்தான் வரவேற்பார், அத்தான்தான் உட்கார வைப்பார், பழக்கத்தில் தோளைத் தொட்டு நேராக்குவார். படம் எடுப்பது இவன். அச்சடித்து வெட்டிக் கொடுப்பது அக்கா. "பெரியவர் கைராசியே தனி," என்று சொல்லிவிட்டு ஜனங்கள் போவார்கள். வெளியாள் ஒருவனை வேலைக்கு வைக்கலாம் என்று அக்கா ஒருதடவை வாயெடுத்தாள். போட்டோக்காரனுக்குக் கண் போச்சு என்று ஊர் பேசுவதைவிடக் கடையைப் பூட்டிவிடலாம் என்றார் அத்தான். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அப்படியிருக்க, அவனுக்கு லென்ஸ் எதற்கு? காரணம் ஒரு கால்பந்துக் குழு. சில மாதங்களுக்கு முன்னால் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மொத்தக் குழுவும் கடைக்கு வந்தது. உள்ளே இடம் போதாமல் பாதிப் பேர் தெருவில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வெளியே போய் நாலைந்து படம் எடுத்தான். குழுவின் மேனேஜர் அதை வாங்கிப் பார்த்தார். "எங்க போட்டோகிராபர் விட்டுட்டுப் போறார். உங்கிட்ட நீள லென்ஸ் இருக்கா? இருந்தா ஒரு மேட்ச் எடுத்துக் காட்டு, அப்புறம் பேசலாம்," என்றார். அன்றையிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. ஓடுகிற மனிதர்கள், கத்துகிற மனிதர்கள், விழுந்து புரண்டு எழுகிற மனிதர்கள்! இத்தனை வருடமாக அவன் படம் பிடித்த ஒரு ஆள்கூட அசைந்ததில்லை. அசைந்திருந்தால் இன்னொரு தடவை எடுத்திருப்பான்.

சனிக்கிழமை மத்தியானம், கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும் என்று அத்தானிடம் பொய் சொன்னான்.

"இன்னைக்குக் கூட்டமும் இல்ல. குடுத்துட்டு மெதுவா வா," என்றார் அத்தான். "வெயில்ல அலையாதே மாப்ளே. தலையில ஏதாவது போட்டுக்கோ."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து லென்ஸை மாட்டினான். முக்கால்வாசி எளிதாகத் திரும்பியது; கடைசிக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினான். டக். இம்மியும் ஆட்டமில்லை. பல் டாக்டர் கெட்டிக்காரர்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததை அவன் வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொள்வான். கண்ணை வைத்தவுடன் மைதானத்தின் அந்தக் கோடி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஒருவனுடைய நெற்றி நரம்பு தெரிந்தது. பந்து கால்விரலில் பட்டு ஒரு பக்கம் நசுங்குவது தெரிந்தது. கோல் காப்பவன் பாய்ந்தபோது அவன் உடம்பு முழுக்கத் தரையை விட்டுப் படுக்கை வசத்தில் அந்தரத்தில் இருந்தது. இவன் விரல் தானாக அழுத்தியது. ஆரம்பத்தில் பத்துப் படத்தில் ஒன்பது கலங்கிப்போயின. இடைவேளைக்கு அப்புறம் கை பழகிவிட்டது. பந்தைப் பார்க்கக் கூடாது, அதைத் துரத்துகிறவனின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டான். புல்லில் முட்டி போட்டு, கால்சட்டையெல்லாம் மண்ணாகி, தன்னையறியாமல் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த ஒருவர் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் படங்களைத் தன் லேப்டாப்பில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி மேட்ச் எடுத்திருக்கியா?"

"இல்ல சார். பாஸ்போர்ட் படம்தான்."

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கட்கிழமை போன் பண்றேன்," என்றார். ஆனால் அந்தக் கோல்காப்பாளன் படத்துக்கு மறுபடி திரும்பிப் போனார். அதை அவன் கவனித்துக்கொண்டான்.

மைதானம் காலியான பிறகுதான் லென்ஸைக் கழற்றப் பார்த்தான். பொத்தானை அழுத்தித் திருப்பினான். வரவில்லை. ஈரக்கையாக இருக்கும் என்று துடைத்துவிட்டுத் திருப்பினான். வரவில்லை. கைக்குட்டையால் சுற்றிப் பிடித்து, கேமராவைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருப்பினான். அவன்தான் திரும்பினானே தவிர லென்ஸ் அசையவில்லை. டாக்டருக்குப் போன் போட்டான்.

"ஆட்டம் இல்லையே?" என்று ஆர்வமாகக் கேட்டார் டாக்டர். பின்னால் மேளமும் கூச்சலுமாக இருந்தது. வெளியூரில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். "தாழ்ப்பாள் வந்து விழுற பள்ளம் தேஞ்சு அகலமாகிப் போயிருந்துச்சு தம்பி. பல்லுக்கு அடைக்கிற மருந்தை வச்சு அடைச்சு, நீல லைட்டைக் காட்டி இறுக்கிவிட்டேன். முதல்தரமான சரக்கு. இருபது வருஷத்துக்கு அசையாது."

"அசையலை சார். கழற்றவும் முடியலை."

மேளச் சத்தத்தை விட்டு டாக்டர் தள்ளிப் போவது கேட்டது.

"ஓ," என்றார் டாக்டர். "பள்ளத்துக்குள்ள தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு போல. யாரையும் தொட விடாதீங்க. உடைச்சுடுவாங்க. செவ்வாய்க்கிழமை வந்துடுவேன். நானே சின்ன டிரில்லை வச்சுத் துளைச்சு எடுத்துடறேன். மரத்துப்போற ஊசிகூட வேண்டாம்."

நகைச்சுவைக்கு இதுவா நேரம்! வருகிற திங்கட்கிழமைதான் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஊரே படம் எடுக்க வந்து நிற்கும். கடையில் இருப்பது ஒரே கேமரா. அதில் இப்போது ஒரு குழாய் பதிந்து போயிருக்கிறது. அந்த லென்ஸில் ஒரு முகத்தைத் தோள்வரை பிடிக்க வேண்டுமானால் முப்பது முப்பத்தைந்தடியாவது பின்னால் போக வேண்டும். கடை முழுவதும் அதற்குப் பாதி நீளம்கூட இல்லை. அடுத்த தெரு ஸ்டூடியோவில் கேமரா இரவல் கேட்பதும் ஒன்று, அத்தான் தெருவில் மண்டியிடுவதும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மறுபடி மல்லுக்கட்டினான். அக்கா துணி காயப்போட வந்தாள். குட்டு உடைந்தது.

"என்னடா அது? கேமராவுக்கு யானைக்கால் வந்த மாதிரி இருக்கு?"

அக்காவிடம் அவனுக்குப் பொய் வராது. லென்ஸ், மைதானம், மேனேஜர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அந்த வேலை கிடைத்தால் குழுவோடு ஊர் ஊராகப் போக வேண்டும், மாதக்கணக்கில் திரும்ப முடியாது என்பதையும் சொன்னான். அக்கா கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிழிந்தபடியே கேட்டாள். அது அத்தானின் சட்டை. அதில் பிழிய இனித் தண்ணீரே இல்லை. அவள் பிழிந்துகொண்டுதான் இருந்தாள்.

"நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன்," என்றாள். "உனக்கும் வயசாகுது. எனக்குத் தெரியாதா? ஆனா அவர்கிட்ட நீயே சொல்லு. என்னைத் தூது அனுப்பாதே. அந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால சொல்ல முடியாதுடா."

"என்னால மட்டும் முடியுமாக்கா?"

"முடியலைன்னா போக முடியாது," என்றாள் அக்கா. சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அன்று முழுவதும் அவன் அத்தானைச் சுற்றிச் சுற்றி வந்தான். அத்தான் என்று கூப்பிடுவான். என்ன மாப்ளே என்று அவர் திரும்புவார். கறைக்குப் பின்னால் அவனைத் தேடி முகத்தைச் சற்று ஓரமாகச் சாய்த்து, அவன் காதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தச் சாய்ந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மாற்றிவிடுவான். தண்ணி வேணுமா அத்தான், என்று முடிப்பான். மத்தியானத்துக்குள் அத்தான் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருந்தார்.

திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போதே வாசலில் வரிசை. இனி மறைக்க முடியாது. கேமராவை அத்தான் கையில் கொடுத்தான். அவர் தடவிப் பார்த்தார். தடவத் தடவ லென்ஸ் போய்க்கொண்டே இருந்தது.

"இது என்னடா மாப்ளே, பீரங்கியா?"

"லென்ஸ் அத்தான். பழசுதான், நல்ல லென்ஸ். கடைக்குன்னு வாங்கினேன். முகமெல்லாம் அருமையா வரும். ஆனா மாட்டினது கழல மாட்டேங்குது. செவ்வாய்க்கிழமைதான் எடுக்க முடியும்."

கடைக்குன்னு! வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. "கடைக்குன்னா வாங்கின? உன் கைக்காசைப் போட்டா? கேட்டியா," என்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்காவைக் கூப்பிட்டார், "உன் தம்பி கடைக்குன்னு லென்ஸ் வாங்கியிருக்கான்!" அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"கழலலைன்னா கழல வேண்டாம்," என்றார் அத்தான். "எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்?"

"தெருவுக்கு அந்தப் பக்கம் போகணும் அத்தான்."

"போ. தெருவுல நிக்க யாரைக் கேக்கணும்?"

அப்படித்தான் அந்தக் காட்சி அரங்கேறியது. கடைக் கதவுகளை அகலத் திறந்து, விளக்கு இரண்டையும் எரியவிட்டு, உள்ளே ஸ்டூலில் ஆளை உட்கார வைத்தார் அத்தான். இவன் எதிர்ச்சாரியில், மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டு நின்றான். இடையில் தெரு. சத்தம் போட்டால் கேட்காது என்பதால் இரண்டு போனையும் இணைத்துக்கொண்டார்கள். இவன் காதில் வயரைச் செருகிக்கொண்டான். அத்தானின் போன் ஸ்டூலுக்குப் பக்கத்து மேசையில் ஸ்பீக்கரில் கிடந்தது. "கொஞ்சம் இடது பக்கம்," என்று இவன் இங்கே முணுமுணுப்பான். அத்தான் அங்கே தோளைத் தொட்டு நகர்த்துவார். லாரி வந்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். சைக்கிளில் போன ஒருவர் ஒரு பரீட்சைக்காரப் பெண்ணின் படத்தில் பாதி மீசையோடு இடம்பிடித்தார்.

ஆனால் படங்கள்! அக்கா அச்சடித்து வெட்டிக் கொடுக்கக் கொடுக்க ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். கிட்டத்திலிருந்து எடுத்தால் பெருத்துத் தெரிகிற மூக்கு, தூரத்து லென்ஸில் அதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடையாள அட்டைப் படத்தில் தன்னைப் பார்த்து ஒருவன் சந்தோஷப்படுவது அந்தத் தெருவில் அன்றுதான் முதல்முறையாக நடந்தது. "நான் இப்படியா இருக்கேன்?" என்று ஒரு அம்மா இரண்டு தரம் கேட்டார். படம் தேவைப்படாதவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள்.

"இது நம்ம புது ஏற்பாடு," என்று அத்தான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டது வயர் வழியாக இவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. "என் மச்சினன் யோசனை. இனிமே எப்பவும் இப்படித்தான். எதிர்க்கடை காலியாத்தான் கிடக்கு, அந்தப் படியை வாடகைக்குக் கேட்டுடலாம்னு இருக்கேன்."

படியை வாடகைக்கு! வெளியே போக வாங்கிய லென்ஸ், தெருவின் அந்தப் பக்கம் வரை அவனைக் கொண்டுவந்து அங்கேயே நட்டுவிடப் பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்கு அழலாம் போல இருந்தது.

மத்தியானம் வரிசை குறைந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். இவன் அத்தானின் இணைப்பைத் துண்டித்துவிட்டு எடுத்தான்.

"தம்பி, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. வேலை உனக்குத்தான். வியாழக்கிழமை காலையில பஸ் கிளம்புது. சீசன் முடியறவரைக்கும் எங்ககூடத்தான் இருக்கணும். வர்றியா இல்லையான்னு சாயந்திரத்துக்குள்ள சொல்லிடு. இல்லைன்னா வேற ஆளைப் பார்க்கணும்."

நின்ற இடத்திலேயே துள்ளினான். போகிற ஒருவரைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அடுத்த நிமிடம், எதிரே கடைவாசலில் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, அவன் இல்லாத ஒரு திசையில் அவனைத் தேடிக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்தான். மறுபடி போனை இணைத்தான்.

"லைன் போயிடுச்சு மாப்ளே," என்றார் அத்தான். "உங்கக்கா சாப்பாடு எடுக்க மேல போயிருக்கா. இப்ப யாரும் இல்ல. எல்லாரும் மூஞ்சி நல்லா வருது, நல்லா வருதுன்னு சொல்றாங்க. என்னையும் ஒண்ணு எடேன்."

தட்டித் தடவிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையைக் கையால் வாரிக்கொண்டார். இவன் கண்ணை வைத்துக் குவியத்தைச் சரி செய்தான். அத்தானின் முகம் மிக அருகில் வந்து நின்றது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததில்லை. கன்னத்தில் சவரம் விட்டுப்போன ஒரு திட்டு இருந்தது. நேரே லென்ஸைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. எதிரே நின்று சொல்லத்தான் வாய் வரவில்லை. இடையில் ஒரு தெரு இருக்கிறது, போன் இருக்கிறது. இங்கிருந்து சொன்னால் அவர் முகம் தன்னைத் தேடாது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"அத்தான், ஒரு விஷயம்."

"தலை நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு. அத்தான்... எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. கால்பந்துக் குழுவுல, படம் எடுக்கிற வேலை. வியாழக்கிழமை கிளம்பணும். ஊர் ஊராப் போகணும். திரும்பி வர நாளாகும்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். ஒரு வேன் குறுக்கே வந்தது. அது கடந்து போவதற்குள் காதில் அத்தானின் குரல் வந்துவிட்டது.

"அட! இதைச் சொல்லவா நேத்து முழுக்க எனக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்த? ரொம்பச் சந்தோஷம் மாப்ளே! எவ்வளவு நல்ல விஷயம்!"

குரல் கலகலவென்றிருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வேன் நகர்ந்தது. லென்ஸுக்குள் அத்தானின் முகம் திரும்ப வந்தது.

அது அந்தக் குரலுக்குச் சொந்தமான முகமில்லை. வாயின் ஓரங்கள் இறங்கிப்போயிருந்தன. கீழுதடு நடுங்கியது, அதை மேல்பல்லால் அழுத்திப் பிடித்திருந்தார். பேசுவதற்கு மட்டும் விட்டு, பேசியதும் மறுபடி அழுத்திக்கொண்டார். ஒரு கை மேசை விளிம்பைத் தேடியது. முதலில் அகப்படவில்லை, அகப்பட்டதும் விடவில்லை.

"நீ எதுக்குக் கவலைப்படுற? கடையை நான் பாத்துக்க மாட்டேனா? என் கண்ணுக்கு என்ன, இப்பல்லாம் முன்னைக்கு நல்லாவே தெரியுது. நீ தைரியமாப் போய்ட்டு வா மாப்ளே."

கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிச் சவரம் விட்டுப்போன திட்டில் தங்கி நின்றது. அவர் துடைக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் பேரின் முகத்தை நேராக வைத்தவர், தன் முகத்தை மறைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார். இரண்டு வருடமாக அவருக்குத் தெருவின் மறுபக்கம் என்று ஒன்று இல்லை. தனக்குத் தெரியாத தூரத்திலிருந்து தன்னை ஒருவன் பார்ப்பான் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. குரலை மட்டும் காத்துக்கொண்டார். அதை எவ்வளவு அழகாகக் காத்துக்கொண்டார்!

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டால் போதும். எடுத்துவிட்டு, சரி அத்தான் என்று சொன்னால் போதும். வெறும் காதால் மட்டும் கேட்டிருந்தால் அவன் வியாழக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அத்தான் எவ்வளவு சந்தோஷமாக அனுப்பினார் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிக்கொண்டிருப்பான். அவனுக்கு அத்தான் மேல் ஆத்திரம் வந்தது. இந்த மனிதருக்குப் போகாதே என்று ஒரு சொல் சொல்லத் தெரியாதா? சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போயிருப்பானே.

தெருவில் ஹாரன் சத்தம். வெயில் பின்கழுத்தைச் சுட்டது.

"அத்தான்," என்றான். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "சும்மா சொன்னேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்தேன். வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அத்தான் வாயைத் திறந்து நீளமாக மூச்சு விட்டார். சத்தம் வராமல் விட்டார். தோளை உயர்த்திச் சட்டையில் ஒரு கண்ணைத் துடைத்தார், பிறகு இன்னொன்றை.

"அடப்பாவி!" என்றது குரல், அதே கலகலப்போடு. "நான் நிஜம்னு நம்பி எவ்வளவு சந்தோஷப்பட்டுட்டேன்!"

"தெரியும் அத்தான்," என்றான். அவர் முகத்தைத் துடைத்து முடிக்கும் வரை படம் எடுக்காமல் காத்திருந்தான்.